மச்சானுக்குக் காட்டாத கை

ரயில் இன்ஜினில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் அகலமான கண்ணாடி. குறுக்கே லாரியோ ஷேர் ஆட்டோவோ வராது. திருப்புவதற்கு ஸ்டியரிங்கூடக் கிடையாது. வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறென்ன வேலை? எங்கள் தெரு இஸ்திரிக்காரர் முதல் என் சம்பந்தி வரை இதை அவரவர் மரியாதைக்குத் தகுந்தபடி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் முப்பத்து நான்கு வருஷம் இன்ஜினில் உட்கார்ந்திருந்தேன். அதில் பெரும்பகுதி செங்கல்பட்டுக்குத் தெற்கே, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற பாதையில். எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம் உண்டு. பாலத்தில் எத்தனை கண், வழியில் எத்தனை கேட், ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் எத்தனை மின்கம்பம் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொன்னால் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

இன்ஜினிலிருந்து என்ன தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி சுத்தமாக இருந்தால் தண்டவாளம் தெரியும். சுத்தமாக எப்போதும் இருக்காது. மழைக்காலத்தில் பூச்சி அடித்துக் கஞ்சி போட்ட மாதிரி ஆகிவிடும். வைப்பர் அதைத் துடைக்காது, சமமாகப் பரப்பிவிடும். பனிக்காலம் வந்தால் வேடந்தாங்கலுக்கு வந்திறங்குகிற பறவைகள் பாதைக்குக் குறுக்கே தாழப் பறக்கும். எங்கெங்கிருந்தோ வருகிற ஜனங்கள் அவற்றைத் தொலைநோக்கி வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அவை இரண்டடி தூரத்தில் தெரியும், ஒரே ஒரு தடவை, டப்பென்ற சத்தத்தோடு. காலையில் தெற்கே போனால் இடது பக்கமிருந்து வெயில் கண்ணில் குத்தும். இன்ஜினுக்கு நேர்கீழே கொஞ்ச தூரம் வரை எதுவுமே தெரியாது, உயரத்தில் இருப்பதனாலேயே. எதிரில் தெரிகிற ஒரு பொருளைப் பார்த்த பிறகு பிரேக் போட்டால் வண்டி நிற்கும், ஆனால் அந்தப் பொருளைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நிற்கும். ஆகவே நாங்கள் கண்ணை நம்பி ஓட்டுவதில்லை. சிக்னலை நம்பி ஓட்டுகிறோம். ஒரு சிக்னல் அடுத்த சிக்னலைப் பற்றி என்ன சொல்கிறதோ, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த எதிர்காலம்.

அந்தச் சிக்னலைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சும்மா பார்த்தால் போதாது. கண்ணில் பட்டதும் கையை முழுசாக நீட்டி, விரலால் அதைச் சுட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற அசிஸ்டெண்ட் தானும் பார்த்து, தானும் கையை நீட்டி, தானும் சொல்ல வேண்டும். உள்ளே மோட்டார் இரைச்சல் இருப்பதால் சொல்வது கத்துவதாகத்தான் வரும். தூக்கம் வராமலிருக்க, கவனம் சிதறாமலிருக்க, ஒருவர் தப்பாகப் பார்த்ததை இன்னொருவர் பிடிக்க என்று வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதை வெளியிலிருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் என் மகளின் கல்யாணத்துக்கு அவ்வளவு சோதனை வந்திருக்காது.

என் மனைவிக்கு ஒரே தம்பி. வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருக்கிறான். பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அப்படியே மாமல்லபுரமும் காட்டிவிட்டு வர இரண்டு வேனும் ஓடுகின்றன. என் மகளைத் தோளில் வைத்து வளர்த்தவன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், தாலி ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிசான தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். மாமன் கட்டவில்லையென்றால் கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

அவன் ஊருக்கு அருகே ஒரு சின்ன கேட் இருக்கிறது. வண்டி கேட்டைத் தாண்டுகிற அந்த இடத்தில்தான் பாதை லேசாக இடது பக்கம் வளையும். அடுத்த ஸ்டேஷனின் சிக்னல் வேப்ப மரங்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும். கேட்டில் காத்து நிற்கிற ஜனங்களின் தலைக்கு நேர் மேலே.

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, ஒரு காலையில் நான் அந்த வழியாக எக்ஸ்பிரஸ் ஒன்றை ஓட்டிப் போனேன். அன்று நான் அந்த வண்டியில் வருகிறேன் என்பதை என் மனைவி தம்பிக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். பேச வேறு விஷயம் இல்லாததால் சொன்னதுதான். அவன் அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டில் போய் நின்று, அங்கே காத்திருந்தவர்களிடம் விளம்பரம் செய்திருக்கிறான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் கூட்டாளி ஒருவன் அதைப் போனில் படம் பிடித்தான். அது அன்று மத்தியானத்துக்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

படத்தில் முதலில் அவன் குரல் கேட்கும்.

"தோ வருது பாரு. எங்க மாமா வண்டி. நா கை காட்னா அவுரும் காட்டுவாரு, பாத்துகினே இரு."

பிறகு இன்ஜின் வருகிறது. மச்சான் துண்டைச் சுழற்றுகிறான். இன்ஜின் ஜன்னலில் நான். முகத்தில் சிரிப்பு இல்லை. சரியாக அவனுக்கு நேராக வரும்போது என் கை ஈட்டி மாதிரி வெளியே பாய்கிறது, விரல் அவன் பக்கம். வாய் அகலமாகத் திறந்து எதையோ கத்துகிறது. அடுத்த நொடி பெட்டிகள். தடதடவென்ற சத்தத்துக்கு மேலே கூட்டத்தின் சிரிப்பு.

"இன்னாபா, உங்க மாமா போடான்றாரு?"

"போடான்னா பரவால்ல அண்ணாத்த, அடிக்கக் கை ஓங்குறாரு!"

குழுவில் நாற்பத்தொரு பேர். அதில் பதினேழு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். மச்சான் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

நான் கத்தியது 'பச்சை' என்ற ஒரே சொல்.

இதை விளக்கிச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு வருகிற வியாதி இது. பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான்.

"யக்கா, வந்தவங்களுக்குக் காபி குடுக்கச் சொல்லு."

வந்தவங்க என்பது நான்.

நான் பத்திரிகையின் உறையைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தேன். தண்டவாளம் போட்டேன், கேட் போட்டேன், வளைவு போட்டேன், சிக்னல் போட்டேன். வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட முப்பது மீட்டர் போகிறது என்று எழுதினேன். வெயில் வருகிற பக்கத்துக்கு அம்புக்குறியும் போட்டேன்.

"மச்சான், நீ நிக்கிறது வெயிலுக்கு நேரா. எனக்கு நீ வெறும் நெழலு. உன் மூஞ்சி மூஞ்சியா தெரியறதுக்குள்ள நீ பின்னால போயிடற. ஒண்ணு, ரெண்டு, அவ்ளோதான்."

அவன் படத்தை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னிடம் பேசினான்.

"ஏன் மாமா, அந்த எடத்துல ஒரு மாடு குறுக்க வந்தா தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"மாடு தெரியுது. மச்சான் தெர்ல."

மாடு தண்டவாளத்தில் நிற்கிறது, நீ ஓரத்தில் நிற்கிறாய் என்று சொல்லலாம். சொன்னேன். தண்டவாளத்துல வந்து நின்னா கண்டுக்குவீங்களா என்று கேட்டான். மனைவி என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. என்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தையும் எடுத்தேன்.

"சத்தியமா சொல்றேண்டா, நான் உன்ன பாக்கவே இல்ல."

குற்றவாளி அல்ல என்று நிரூபிக்க இதைவிட என்ன வேண்டும்? அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"பாத்துட்டு போடான்னு சொல்லியிருந்தாகூட பரவால்ல மாமா. உறவுன்னா கோவம் தாபம் இருக்கும். ஊரே பாக்குது, ஆறடி ஆளு துண்ட சுத்திகினு நிக்கிறேன். நா இருக்கிறதே தெர்லன்ற பாரு, அதான் தாங்க முடியல." பிறகு அக்காவிடம் திரும்பினான். "பத்திரிக்கய வச்சிட்டுப் போ யக்கா. டப்பு, சீரு எதுலயும் கொற இருக்காது, ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன். நா வர்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனைவி மூன்று தடவை மூக்கைச் சிந்தினாள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சொன்னாள்.

"படம் போட்டியே, நல்லாத்தான் இருந்திச்சு."

அடுத்த வாரம் சம்பந்தி கேளம்பாக்கத்திலிருந்து போன் செய்தார். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவர்களும் அங்கே அடுக்கு மாடியில் இருந்தார்கள். மண்டபத்துக்கு ஏ.சி., வாசலில் வாழை மரம், எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், ஒன்றுமில்லாத மாதிரி, "பட்டம் கட்ட மாமா வந்துடுவாரில்ல?" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடியோ கேளம்பாக்கம் வரை போயிருக்கும். வருவார் என்றேன். ஒன்றுவிட்ட மச்சான்கள் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே சொன்னேன். அவர்களில் ஒருவர் கட்டலாம் என்று மகளிடம் சொன்னபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மாமா கட்டினா கட்டட்டும். இல்லன்னா எனக்குப் பட்டமே வேணாம்ப்பா."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டபத்தின் நாற்காலிகளை, சாப்பாட்டு இலைகளை, வேன்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாக வந்தது. ஒரே ஒரு ஆள் குறைந்தது.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், மனைவி சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

"டேய், உங்க மாமா உன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்துட்டாருடா."

"இன்னா பொய்?"

"அன்னிக்கு உன்ன பாத்தாராம். பக்கத்துல இருக்கிற அசிஸ்டெண்டுக்குக் காமிச்சாராம். தோ பாரு, எங்க மச்சான்னு சத்தமா சொல்லி கை நீட்டி காமிச்சாராம். அதத்தான் நீங்க போடான்னு நெனச்சுகினீங்க."

போனில் கோழி ஒன்று கூப்பிட்டது கேட்டது.

"நெஜமாவா யக்கா? அப்போ பாக்கவே இல்லன்னு ஏன் சத்தியம் பண்ணாரு?"

"டூட்டில சொந்தக்காரங்கள காமிக்கக் கூடாதுடா. ரூல்ஸு. வெளிய தெரிஞ்சா வேலைக்கே ஆபத்து. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"சீச்சீ, நா ஏன் சொல்றேன்!"

நான் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றேன். என் வாழ்நாளில் ஒரு சிக்னலைத் தப்பாகச் சொன்னதில்லை. அதைத்தான் சொல்ல வாய் திறந்தேன். அவள் கீரைத் தண்டை ஒடித்தபடியே, "வாய மூடிகினு போய் உக்காரு," என்றாள். போய் உட்கார்ந்தேன். நான் ஒன்றரை மணி நேரம் படம் வரைந்து விளக்கிய உண்மை அவனுக்கு அவமானமாக இருந்தது. அவள் இரண்டு நிமிஷத்தில் சொன்ன பொய்யில் அவனுக்குப் பசியெடுத்து, அக்காவிடம் கல்யாணத்தன்று காலை நாஸ்தாவுக்கு என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

கல்யாணம் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரைச் சாலையோரம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் பிடித்த இடம். கடல் காற்று வாசல் வாழை மரத்தைக் கிழித்து நூலாக்கிக்கொண்டிருந்தது. மேளத்தோடு மச்சான் வந்து இறங்கினான், இரண்டு வேன் நிறைய ஆட்களும் இருபத்தொரு சீர்த்தட்டுகளும். பெரிய தட்டில் குங்குமக் கிண்ணம், பட்டுப்புடவை, அதன்மேல் பட்டம். வந்தவன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். ரகசியம் தெரிந்தவன் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து எங்கள் இன்ஸ்பெக்டர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்களோடு இன்ஜினில் ஏறி, சிக்னலைப் பார்க்கிறோமா, கை நீட்டுகிறோமா, வாய்விட்டுச் சொல்கிறோமா என்று மேற்பார்வை செய்கிறவர். சொல்லாதவனிடம் விளக்கம் கேட்பார். அவரை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். நான் திரும்புவதற்குள் மச்சான் பட்டத் தட்டோடு அவர் பக்கத்தில் போய் நின்றிருந்தான்.

"சார் ரயில்வேயா? மாமாவோட சேந்தவரா? நாந்தான் சார் அந்த மச்சான்."

"எந்த மச்சான்?"

"கேட் மச்சான் சார். மாமா அந்த வழியா போவும்போது என்னை அசிஸ்டெண்டுக்குக் காமிப்பாரு இல்ல? கைய நல்லா நீட்டி, எங்க மச்சான் எங்க மச்சான்னு கத்துவாரு. வீடியோவே கீது." பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ரூல்ஸுல இல்லியாம். நீங்க வெளிய சொல்லிடாதீங்க."

இன்ஸ்பெக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அந்த வளைவுலயா சார்? அடுத்த ஸ்டேஷன் சிக்னல் தெரியற எடத்துல?"

"ஆமா சார்."

"அங்க கை நீட்டினீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் நீட்டறேன் சார்."

இது உண்மை. இருவருக்கும் பொருந்துகிற உண்மை. இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் நல்ல இன்ஸ்பெக்டர்.

"யாரைப் பாத்து நீட்டினீங்க?"

மணமேடையில் ஐயர் பெண்ணின் மாமாவைக் கூப்பிட்டார். மச்சான் தட்டோடு நகராமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு வரிசை தள்ளி மனைவி கையில் குங்குமச் சிமிழோடு நின்றுவிட்டாள். சிக்னலைப் பார்த்து என்றால் என் வேலை பிழைக்கும், பட்டம் வேனில் திரும்பிப் போகும். ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

"மச்சானப் பாத்துதான் சார்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் மச்சான்கள் இருந்திருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற அவர் ஒரு வழி தேடினார். விதிப் புத்தகத்துக்குள்ளேயே தேடினார். அவருக்கு வேறு எங்கே தேடத் தெரியும்?

"நீங்க கேட்டுக்கு வெளிய நின்னீங்களா, உள்ளயா?" என்று மச்சானைக் கேட்டார்.

"உள்ளதான் சார். கொஞ்சம் குனிஞ்சி வந்துட்டேன். தண்டவாளத்துகிட்ட நின்னாதான் மாமா கண்ணுக்குத் தெரியும்னு."

"அப்படின்னா அவர் செஞ்சது சரி," என்று இன்ஸ்பெக்டர் திருப்தியோடு தீர்ப்புச் சொன்னார். "பாதை ஓரத்துல ஆள் நின்னா பாக்கணும், சத்தம் போடணும், தள்ளிப் போன்னு எச்சரிக்கணும். அதுக்கு ரூல்ஸுல இடம் இருக்கு."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஒன்றரை மாதம் பாடுபட்டு, கடைசியில் 'போடா' என்ற இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். அதுவும் அரசாங்க முத்திரையோடு.

மச்சான் தட்டைப் பார்த்தான்.

"தள்ளிப் போன்னு சொன்னாரா?"

"ஆமா. அவ்ளோ கிட்ட நின்னா, போற வேகத்துல காத்தே இழுத்துடும். உயிர் போயிருக்கும்."

"எங்க மாமா," என்றான் மச்சான். குரல் உடைந்துவிட்டது. "யக்கா! கேட்டியா? என் உசுருக்குப் பதறிப்போய் கத்தியிருக்காரு. நா ஒரு முட்டாளு, மூஞ்சியத் தூக்கி வச்சிகினு…" தட்டோடு என் தோளில் சாய்ந்தான். குங்குமம் பூராவும் என் புதுச் சட்டையில். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறு எந்த உண்மையும் என்னிடம் மிச்சமில்லை.

அழுதுகொண்டேதான் மேடையேறினான். மகள் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவன் கண்ணில் தண்ணீர் தாரையாக வழிந்தது. அவனுக்கு எதிரில் எதுவும் தெரிந்திருக்காது. கைகளால் தடவித் தடவிப் பட்டத்தை வைத்தான், பின்னால் மூன்று முடிச்சு இறுக்கிப் போட்டான். நெற்றியில் இருக்க வேண்டிய தகடு வலது கண்ணின்மேல் பாதிக்குமேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கண்ணைத் துடைத்து, தான் கட்டியதைப் பார்த்து, பிரமாதம் என்பதுபோல் தலையாட்டினான்.

ஐயர் பார்த்தார். சம்பந்தியம்மாள் பார்த்தாள். யாரும் கையை நீட்டவில்லை. தாலி ஏறும்போதும் அப்படியே. மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்ற அவள் எழுந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். மறைந்த கண் பக்கம் ஒரு குத்துவிளக்கு, இரண்டு சொம்பு, தரையில் ஒரு ஒயர்.

"கொஞ்சம் மேல ஏத்தி விடட்டுமாம்மா? ஒண்ணும் தெரியாதே உனக்கு."

அவள் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்ப்பா," என்றாள். "மாமா பாத்துகினே இருக்காரு."